வண்டிக்கு அடியில்

பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தானே மனிதன் பார்ப்பான். ஆனால் வண்டியைத் தாங்குவது பெயிண்ட் இல்லை. தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவுக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும். பட்டி பூசி ஓட்டையை மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. இதெல்லாம் முடிந்த பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நான் செய்வேன். நாகல் நகரில் எனக்கு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து என்னைக் கூட்டிப் போவார்கள். பெலிக்ஸ் ஒரு தடவை அடியில் படுத்து எழுந்து சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரிடமும் கேட்க மாட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. மோகன்குமார் என்னை எப்படி நம்பினான் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். ஊரே நம்பியது. அவனும் நம்பினான்.

என் தங்கச்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தோன்றும்.

செபாஸ்தியம்மாள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவளை நான்தான் வளர்த்தேன். பாப்பா என்றுதான் இன்று வரைக்கும் கூப்பிடுகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் பாப்பாவுக்கு ஒத்துவருமோ வராதோ என்று விட்டுவிட்டேன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். போகவர பஸ்ஸில் கூட்டம். அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே மிஷின் வாங்கிப் போட்டேன். தைப்பதற்குத் துணியும் நானே வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன், கடை கடையாக அலைய வேண்டாம் என்று. அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியான வீடு.

வரன்கள் வந்தன. சின்னாளப்பட்டியிலிருந்து ஒருவன் வந்தான், பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன்தான். ஆனால் அவன் அம்மா பேசுகிறபோது பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே பேசினாள். வேலை வாங்குகிற குடும்பம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் பாப்பா வருத்தப்படுவாள். அதனால் அவர்களே வேண்டாம் என்று சொல்லும்படி செய்தேன். மாப்பிள்ளையின் மாமாவைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய், மனசாட்சிக்குப் பயந்து சொல்கிறேன், அவளுக்கு வலிப்பு வரும் என்றேன். அவருடைய நேர்மையான முகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்தது. பாப்பாவுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. அவளுக்குத் தலைவலிகூட அதிகம் வந்ததில்லை.

மோகன்குமார் சிறுமலைக்காரன். மலைவாழை, மிளகு எல்லாம் வாங்கிக் கீழே மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவன். சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தான். மலைப்பாதையில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது பாறையில் உரசிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. அதைத் தட்டிச் சரிசெய்ய என் பட்டறைக்கு வந்தான். நாற்பது வயசு இருக்கும். அம்மாவைப் பார்த்துக்கொண்டே வயசு போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த அம்மா அப்போது உயிரோடு இல்லை. சாயந்திரம் பாப்பா பட்டறைக்கு டீ கொண்டுவருவாள். வண்டி தயாராகிப் போன பிறகும் அவன் அந்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு தார் பழத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே பாப்பா சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நான் மோகன்குமாரைக் கட்டிக்கப் போறேன். உங்கிட்ட கேக்கல. சொல்றேன்."

நான் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவன் வேறு மதம் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. தெருவில் கேட்டவர்களிடமும் மனசு ஒத்துப்போனால் போதும் என்றுதான் சொன்னேன், விசாரித்துப் பாருங்கள். மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"இருக்கட்டும்ணே. எங்க அம்மாவுக்கும் அது இருந்துச்சு. எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது, சார். அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சிறுமலையிலேயே இருக்கப்போகிறோம் என்றார்கள். மேலே பஸ் குறைவு. லோடு வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு வேன் வாங்கினால், போகும்போது ஆளை ஏற்றிக்கொள்ளலாம், வரும்போது சீட்டை மடக்கிவிட்டுக் காய் பழம் ஏற்றலாம் என்று அவன் கணக்கு. புதிது வாங்க வசதியில்லை. பைபாஸ் பக்கத்தில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் ஒரு வேன் நின்றது. வந்து பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்று மோகன்குமார் கூப்பிட்டான். பாப்பாவும் வந்தாள்.

வெள்ளை வேன். வெளியே பளபளவென்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அதை விற்கிறவர் சொல்லவில்லை, பழைய சீட்டுத் துணியின் தையலில் உப்பு பூத்திருந்ததைப் பார்த்து நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உப்புக்காற்று பட்ட வண்டியை நான் யாருக்கும் வாங்கச் சொன்னதில்லை. கதவு ஓரங்களைப் பார்த்தேன். அவை பரவாயில்லை. அடியில் போய்ப் படுத்தேன். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், சேசிஸ், முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய வண்டிக்கு அடியில் மட்டும் புது பெயிண்ட் இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இடது பின்சக்கரத்துப் பக்கம், சுமையைத் தாங்குகிற வில்பட்டை சேசிஸோடு சேருகிற இடத்தில் சத்தமே வரவில்லை. ஈரமண்ணில் தட்டுவது மாதிரி இருந்தது. நுனியால் அழுத்தினேன். உள்ளே போனது. பிஸ்கட் மாதிரி உதிர்ந்து என் நெற்றியில் விழுந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். வண்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேருடைய கால்களும் தெரிந்தன. பாப்பா புதுச் செருப்பு போட்டிருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்ததாக இருக்க வேண்டும், நான் வாங்கித் தரவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்து, "வண்டி கல்லு மாதிரி இருக்கு மாப்ள, தைரியமா எடுங்க" என்றேன். மாப்பிள்ளை என்று அவனை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் எதையும் அறுக்கவில்லை. ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தவில்லை. அந்தத் துருவை நான் உண்டாக்கவில்லை, அது அங்கே இருந்தது. இரும்பின் குணம் அது.

கல்யாணத்துக்கு என்னுடைய செய்முறையாக வண்டியை நானே சரிசெய்து தருகிறேன் என்று பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அந்த இடத்தில் மெல்லிய தகட்டை வளைத்து ஒட்டி, பட்டியைப் பூசி, தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்தேன். பழைய ஆள் அவசரத்தில் பூசியிருந்தான், தடவினால் தெரிந்தது. நான் பூசியது தெரியாது. எஃப்.சி. எடுக்க வேறு யாராவது அடியில் பார்த்தாலும் தெரியாது. நல்ல இரும்பை வெட்டி வைத்து வெல்டிங் அடித்திருந்தால் அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகியிருக்கும். இந்தத் தொழிலில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

என் எண்ணம் எல்லாம் இதுதான். மலை ஏறி இறங்கினால் வண்டி சீக்கிரமே படுத்துவிடும். வேறு வண்டி வாங்க அவனுக்கு வழியில்லை. மேலே பிழைப்பு ஓடாது. பாப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அவனையும் வரச்சொல்லி, பட்டறையில் ஏதாவது வேலை கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். இதில் என்ன கெடுதல்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். மேலே போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாப்பா கோயிலுக்குக் கீழே வருவாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அவனோடு கிளம்பிப் போய்விடுவாள். ஆடி போய் ஐப்பசி வந்தது. வண்டி படுக்கவில்லை. பாப்பா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மலைக்காற்று ஒத்துக்கொண்டது என்று தெருவில் சொன்னார்கள். மேலே சொந்தமாக வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கூப்பிட்டார்கள், எனக்கு நேரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ராத்திரி நல்ல மழை பெய்து அன்றைக்கு வெறித்திருந்தது. வேனின் பின்பக்கச் சீட்டை மடக்கி சிமெண்டு மூட்டை ஏற்றியிருந்தான். மேலே போவதற்கு இரண்டு பெண்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சுந்தரம்மாள், இன்னொருத்தி அவள் மகள் சுகன்யா. பெயர்களை நான் பிறகு பேப்பரில்தான் பார்த்தேன். அந்தச் சிறுபெண்ணுக்குக் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கும் எனக்கும் எந்த விரோதமும் கிடையாது.

மோகன்குமார் உள்ளே வந்தான். "மச்சான், வண்டி காலையில இருந்து இடது பக்கமா லேசா இழுக்குது. செத்த பாருங்களேன்" என்றான்.

கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் இருந்தேன். அப்படியே போய் அடியில் படுத்துப் பார்த்தேன். நான் வைத்த தகடு பிரிந்து வாயைத் திறந்திருந்தது. வில்பட்டையின் ஆணி சேசிஸை விட்டு ஒரு விரல் அளவு விலகி நின்றது. சுற்றிலும் பிடிமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் அதை ஒட்டித்தான் போகிறது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல மாப்ள. டயர்ல காத்து கம்மி" என்றேன். பக்கத்திலேயே இருக்கிற பட்டறையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வந்து நானே காற்று அடித்துக் கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான்.

பிறகு உள்ளே போனேன். பாப்பா எனக்கு ராத்திரிக்குக் குழம்பு சுண்டவைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மட்டும் நீ போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான், ஒரு நாள் இங்கே இரு, நாளைக்குப் பஸ்ஸில் போ என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வருத்தமான சிரிப்பு.

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்லாதண்ணே. எனக்குன்னு ஒரு வீடு இருக்குல்ல."

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளைக் கட்டாயப்படுத்தி எதையும் செய்யவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முன்சீட்டில் ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டேன்.

மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது பின்பக்கம் பிய்ந்துகொண்டது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னாலேயே உருண்டு, ஓரத்துத் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனது. மோகன்குமார் அங்கேயே போய்விட்டான். அந்த அம்மாவும் மகளும் சிமெண்டு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தார்கள். பாப்பா கதவு திறந்து வெளியே விழுந்ததால் உயிர் பிழைத்தாள். முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னார்.

வண்டியைப் பரிசோதித்தவர்கள் பழைய வண்டி, அதிக பாரம் என்று எழுதினார்கள். உடைந்த இரும்பை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துரு துருதானே.

நான் பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். வாசல்படியை இடித்துச் சரிவு கட்டியிருக்கிறேன். தாழ்வான கட்டில் நானே அடித்தது. சக்கர நாற்காலியில் பாதம் தட்டாமல் இருக்க நானே மாற்றி வெல்டிங் வைத்தேன். பகலில் நான் பட்டறையில் இருக்கும்போது துடைத்துவிட, துணி மாற்ற, பேகம்பூரிலிருந்து கமர்ஜஹான் என்கிற அம்மா வருகிறார். மற்றதெல்லாம் நான். சமையல் கற்றுக்கொண்டேன். பாப்பா என்னோடு பேசவில்லை, ஆனால் கொடுத்ததைச் சாப்பிட்டாள். மாதங்கள் அப்படியே போயின. வீடு பழையபடி அமைதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், சார், அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

போன வாரம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையால் தடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு ஏண்ணே போகாதன்னு சொன்ன?"

மனசில் என்னவோ பட்டது பாப்பா என்றேன். அவள் தலையாட்டினாள். கஞ்சியைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் அடுப்படி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டயர்ல காத்து பாக்கவா வெள்ளச் சட்டையோட வண்டிக்கு அடியில போய்ப் படுத்த?"

கிண்ணத்தைக் கழுவப் போனேன். அவள் குரல் பின்னாலேயே வந்தது. அழுகை இல்லை, கோபம்கூட இல்லை.

"எனக்கு வலிப்புன்னு ஊரெல்லாம் சொன்னது எனக்குத் தெரியும்ணே. அவரு சொல்லிட்டாரு. பாவம், தனியாக் கெடக்குற மனுசன், விட்டுருன்னும் அவருதான் சொன்னாரு. நானும் விட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் கமர்ஜஹான் அம்மாவின் போனை வாங்கி உங்கள் ஸ்டேஷனுக்குப் பேசியிருக்கிறாள். நீங்கள் வந்தபோது நான் ஓடவில்லை, எதையும் மறைக்கவில்லை. வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டேன், ஞாபகம் இருக்கும்.

வண்டி நின்றுபோகும் என்றுதானே நினைத்தீர்கள் என்று நீங்கள் கருணையோடு கேட்டீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். இப்போது யோசித்துச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். சேசிஸ் துருப்பிடித்த வண்டி நிற்காது, உடையும். அந்த வேறுபாடு தெரியாமல் இந்தத் தொழிலில் தலைநரைக்க முடியாது. பைபாஸில் அடியில் படுத்திருந்தபோதே எனக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்துக் கொடுத்தபோது அன்றைக்குத்தான் என்பதும் தெரியும். வாசலில் நின்ற அந்தப் பெண் குழந்தை கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததும் தெரியும். ஏறுவதற்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது நான்தான். மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கமர்ஜஹான் அம்மா பொழுது சாய்ந்தால் போய்விடுவார். பாப்பாவை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவளைக் கன்னியர்கள் நடத்துகிற இல்லத்துக்குக் கொண்டுபோய்விடச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்கிறீர்கள். அண்ணனை இனிப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள், சார். நாலு நாள் போனால் சரியாகிவிடும். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும், என்னை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்.